ஓர் ஊருக்கு ஒரே குரல்

ஞாயிற்றுக்கிழமை காலை ஹெப்சிபா பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவள் தலைக்குள் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

காதைப் பொத்திப் பார்த்தாள். கேட்டது. கையை எடுத்தாள். அப்போதும் அதே அளவுதான் கேட்டது.

"ஹலோ, ஹலோ. கேக்கா? ஏல, சிவப்பு லைட்டு எரியுதா பாரு. எரியுதா? சரி. தேரிப்பட்டினத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, பொன்னுலிங்கம் பேசுதேன். கருப்பட்டிக் கடை."

வாய் நிறைய நுரையோடு கண்ணாடியைப் பார்த்தாள் ஹெப்சிபா. இதற்கு அனுமதிக் கையெழுத்து போட்டவளே அவள்தான். யாரைப் போய்க் குறை சொல்ல?

வானொலி என்று ஒன்று இருந்தவரை அதில் ஒரு திருகு இருந்தது. பிடிக்காவிட்டால் அணைத்துவிட்டுப் போகலாம். செவிப்பட்டை என்ற புது அலைவரிசையைக் கண்டுபிடித்த மேதைகள் எல்லாவற்றையும் யோசித்தார்கள், திருகை மட்டும் மறந்துவிட்டார்கள். இதற்குப் பெட்டி வேண்டாம், கம்பி வேண்டாம். ஊர் நடுவே ஒரு கோபுரம் போதும். அதிலிருந்து கிளம்பும் அலை காதுப் பக்கமே எட்டிப் பார்க்காமல் நேரே போய்க் கேட்கும் நரம்பைத் தட்டும். ஊரில் தலை உள்ள எல்லாருக்கும் கேட்கும். ஆகவே அரசாங்கம் ஓர் ஊருக்கு ஒரே குரல் என்று சட்டம் போட்டது. அந்தக் குரல் யாருடையது என்று வரும் சண்டையைத் தீர்க்க ஒரு பதவியையும் உண்டாக்கியது. கடலோரப் பகுதிக்கு அந்தப் பதவியில் உட்கார்ந்திருந்தவள் ஹெப்சிபா.

தேரிப்பட்டினத்துக்கு இரண்டு மனுக்கள் வந்திருந்தன. ஒன்று பொன்னுலிங்கம் அண்ணாச்சியுடையது, வியாபார விளம்பரத்துக்காக. மற்றொன்று மீனவர் சங்கத்துடையது. தலைவர் ததேயு மொராயிஸ் கடல் எச்சரிக்கை, மீன் விலை, காலை மாலை செபம் என்று நிகழ்ச்சி எழுதிக் கொடுத்திருந்தார்.

இருவரையும் முதல் நாள் அலுவலகத்தில் உட்காரவைத்தபோதே அண்ணாச்சி தாராள மனதோடு ஆரம்பித்தார். "எதுக்கும்மா வம்பு? ரெண்டு பேத்துக்கும் குடுத்துருங்க. அவிய ஒரு பக்கம் பேசட்டும், நான் ஒரு பக்கம் பேசுதேன்."

"முடியாது அண்ணாச்சி. ஒரே நேரத்துல ரெண்டு குரல் உள்ள போச்சுன்னா மூளை ரெண்டையும் இரைச்சல்னு ஒதுக்கிரும். ஃபேன் ஓடிக்கிட்டே இருந்தா கொஞ்ச நேரத்துல அந்தச் சத்தம் கேக்காமப் போயிருதுல்லா, அது மாதிரி. நீங்களும் பேசுவீங்க, அவரும் பேசுவாரு, ஒருத்தருக்கும் ஒண்ணும் கேக்காது."

"அப்ப ஒருத்தருக்குத்தான்" என்றார் மொராயிஸ். அந்த ஒருத்தர் தான்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. அண்ணாச்சிக்கும் இல்லை.

விதிப்படி ஆளுக்கு ஒரு வாரம் சோதனை ஒலிபரப்பு. ஞாயிறு முதல் சனி வரை அண்ணாச்சி, அடுத்த ஞாயிறு முதல் சங்கம். அப்புறம் ஊர் முன்னிலையில் விசாரணை.

வாய் கொப்பளித்துவிட்டுத் திரும்பினால் குளியலறை வாசலில் கனிராஜ் நிற்கிறார். கையில் பாதி சுற்றிய மோட்டார் காயில். கன்னமெல்லாம் கண்ணீர்.

கனிராஜ் அவள் கணவர். ஊரில் மோட்டார் காயில் கட்டுகிறவர். ஒன்பது வயதில் வந்த மூளைக்காய்ச்சல் காதுகள் இரண்டையும் வாங்கிக்கொண்டு போய்விட்டது. பாளையங்கோட்டையில் படித்துக் கைப்பேச்சு கற்றவர். கல்யாணமாகி இருபது வருடம் புருசனும் பெண்டாட்டியும் கைகளாலேயே குடும்பம் நடத்தியிருந்தார்கள். அவள் குரல் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

காயிலைக் கீழே வைத்துவிட்டுக் கைகளால் சொன்னார்: "எந்தலைக்குள்ள ஆரோ கருப்பட்டி விக்காவ."

ஹெப்சிபா அப்படியே நின்றாள். அலை காதைத் தொடாது. அவருக்குக் கெட்டது காதுதான், நரம்பு அல்ல. இத்தனை கோப்புகளில் கையெழுத்து போட்டவளுக்கு இது ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர்களுடைய தலைகளுக்குள் அண்ணாச்சி, கருப்பட்டி சாப்பிட்டால் மலச்சிக்கல் வராது என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் ஊர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அறிவிப்பாளர் வைத்தால் செலவு என்று அண்ணாச்சி தானே பேசினார். கருப்பட்டி தீர்ந்ததும் பனங்கற்கண்டு, அது தீர்ந்ததும் தன் மூன்று மருமகன்களைப் பற்றிப் பேசினார். பரீட்சை எழுதிய பிள்ளைகள் பூகோள விடைத்தாளில் சுக்குக் கருப்பட்டியின் பயனை எழுதிவைத்தார்கள். கோயில் பிரசங்கத்தில் உபதேசியாருக்குப் பாதியில் வார்த்தை மறந்துபோனது. எதிர்ப்பட்டவர்களெல்லாம் ஹெப்சிபாவை முறைத்தார்கள்.

கனிராஜ் மட்டும் பட்டறையில் தலையாட்டிக்கொண்டே காயில் கட்டினார். இரண்டாவது மருமகன் மேல் அவருக்குத் தனியாக ஒரு கோபமே வந்துவிட்டது. "அந்தப் பயலை நம்பக்கூடாதுன்னு அண்ணாச்சிகிட்ட போய்ச் சொல்லணும்" என்று சாப்பிடும்போது கைகளால் பொரிந்தார். ஹெப்சிபாவுக்குத் தலை வெடித்தது. ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்தால் அண்ணாச்சி நூறு வருடம் பேசட்டும் என்றிருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் கடைத்தெருவில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது குரல் நின்றது.

மூன்றாவது மருமகனைப் பற்றிப் பாதி வாக்கியத்தில் நின்றது. தெருவே அசையாமல் நின்றது. தராசைப் பிடித்தவர் பிடித்தபடி இருந்தார். பிறகு யாரோ சிரித்தார்கள். காய்க்காரம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எம்மாடி, காத்தடிக்க சத்தம் கேக்கு" என்றாள். அன்று வெண்டைக்காய்க்கு யாரும் பேரம் பேசவில்லை.

கோபுரம் பழுதோ என்று ஹெப்சிபா பதறிப்போய் விசாரித்தால், கோபுரம் கிண்ணென்று இருந்தது. அதன் அடியில் ஓர் அறையில் அண்ணாச்சி பேசிக்கொண்டுதான் இருந்தார். பக்கத்து அறையில் மொராயிஸும் பேசிக்கொண்டுதான் இருந்தார். ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரியவில்லை. இரண்டு குரலும் ஊர்த் தலைகளுக்குள் போய் ஒன்றையொன்று தின்றுகொண்டிருந்தன.

வீட்டுக்கு வந்தாள். கனிராஜ் பட்டறைத் தரையில் உட்கார்ந்து பழுதான பெட்டியைத் தட்டுவதுபோல் நெற்றிப்பொட்டைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி செத்துட்டாவளா?" என்று கேட்டன அவர் கைகள்.

இல்லை என்று எல்லாவற்றையும் விளக்கினாள். கவனமாகப் பார்த்தார்.

"ஊரு என்ன சொல்லுது?"

"திருவிழா மாதிரி இருக்காவ" என்றாள். அவர் சரி என்று தலையசைத்துவிட்டு, எரிந்துகொண்டிருந்த விளக்கடியில் கம்பியைத் தேட ஆரம்பித்தார். கம்பி அவர் மடியிலேயே கிடந்தது.

அடுத்த வாரம் சங்கம் பேசியது. அயிலை விலையும் ஜெபமாலையும் காற்று எச்சரிக்கையும் மாறி மாறி வந்தன. ஊர் பல்லைக் கடித்துக்கொண்டது. கனிராஜ் மீன் விலையில் நிபுணரானார்.

விசாரணை, சமுதாய நலக்கூடத்தில். இடம் கொள்ளாமல் ஆட்கள் ஜன்னலிலெல்லாம் தொங்கினார்கள். சனிக்கிழமைக் குளறுபடி யாருடைய தப்பு என்பதிலிருந்து ஆரம்பித்தாள் ஹெப்சிபா.

அண்ணாச்சி எழுந்தார். "எம்மா, எனக்குச் சனிக்கிழமை வரைக்கும் குடுத்தீய. சனிக்கிழமை எப்ப முடியும்? ஞாயித்துக்கிழமை சூரியன் உதிச்சாத்தானே? பஞ்சாங்கத்தைப் பாருங்க. விடியுத வரைக்கும் எம்பொழுது."

"அதெப்படி?" என்று துள்ளினார் மொராயிஸ். "சனிக்கிழமை சாயங்காலப் பூசை கண்டா ஞாயித்துக்கிழமைப் பூசைக் கடன் தீந்துருது. சாமியாருகிட்ட கேளுங்க. அப்ப சனிக்கிழமை சாயங்காலமே எங்க ஞாயிறு பொறந்தாச்சு. நாங்க நேரத்துக்குத்தான் வந்தோம்."

"அரசாங்கத்துக்கு நாளு நடுராத்திரியில மாறுது" என்றாள் ஹெப்சிபா. "ரெண்டு பேரு செஞ்சதும் தப்பு."

"தப்பா?" பின்வரிசையில் காய்க்காரம்மா எழுந்து நின்றாள். "அதாம்மா இந்த ஊருல நடந்த ஒரே நல்ல காரியம்! ரெண்டு பேத்துக்கும் ஒரே நேரத்துக்கு உரிமம் குடுத்துருங்க. விடிய விடியப் பேசட்டும். நாங்க நிம்மதியா இருக்கோம்."

கூடம் கைதட்டலில் அதிர்ந்தது. ஹெப்சிபா பேனாவை உருட்டினாள். ஒரு குரலுக்கு மேல் கேட்கக் கூடாது என்பதுதான் சட்டம்; இரண்டும் சேர்ந்தால் ஒன்றுகூடக் கேட்காது, ஆகவே யோசனை சட்டத்துக்குப் பொருந்தியது. கையெழுத்து போட்டால் ஊர் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளும். வீட்டில் ஒரு மனிதர் மறுபடி நெற்றிப்பொட்டைத் தட்டிக்கொண்டு உட்காருவார். தன் வீட்டுக்காரருக்காக ஓர் ஊரின் தலைக்குள் கருப்பட்டியை ஊற்ற அவளுக்கு என்ன உரிமை? பேனா நகரவில்லை.

அப்போது வாசலில் கூட்டம் விலகியது. கனிராஜ் வந்தார். அவர் பின்னால் பத்துப் பேர். ஊரிலுள்ள காது கேளாதவர்கள் அத்தனை பேரும் இஸ்திரி போட்ட உடுப்பில் வரிசையாக வந்தார்கள். கனிராஜ் மேசையருகே வந்து ஒரு தாளை நீட்டினார்.

மூன்றாவது மனு. தினமும் சாயங்காலம் பத்து நிமிடம் மட்டும் கேட்டிருந்தார்கள். நிகழ்ச்சி என்ற இடத்தில் 'வீட்டு ஆட்கள் முறைவைத்துப் பேசுவார்கள்' என்று இருந்தது. முதல் முறைக்குப் பேசுபவர் பெயரைப் படித்ததும் ஹெப்சிபாவுக்குக் காது சிவந்தது.

"என்ன வேலை இது? வீட்டுல ஒரு வார்த்தை சொல்லலியே?" என்று மேசைக்குக் கீழே கைகளால் பொரிந்தாள்.

"வீட்டுல நீ எம்பொண்டாட்டி. இங்க நீ அதிகாரி. அதிகாரிகிட்ட முன்கூட்டிப் பேசுனா தப்புல்லா?" என்று எல்லாரும் பார்க்கக் கைகளால் சொன்னார் கனிராஜ். புரிந்த பத்துப் பேரும் சிரித்தார்கள்.

ஹெப்சிபா எழுந்து நின்றாள். "மூணாவது மனுக்காரர் என் வீட்டுக்காரர். இனி இதுல நான் தீர்ப்புச் சொல்லக் கூடாது. மனுக்காரங்க உங்களுக்குள்ள சமாதானமாப் போனா, அதை அப்படியே பதிய மட்டும்தான் எனக்கு அதிகாரம் உண்டு. இல்லன்னா கேசு மெட்ராஸுக்குப் போகும். அங்க பெரிய பெரிய கம்பெனியெல்லாம் மனுப் போடும்."

கம்பெனி என்றதும் அண்ணாச்சியும் மொராயிஸும் இரண்டு வாரத்தில் முதல்முறையாக ஒருவரையொருவர் நேராகப் பார்த்தார்கள்.

"வெளியூர்க்காரன் வந்து நம்ம தலையில பேசவா?" என்றார் மொராயிஸ். "அண்ணாச்சி, புயல் எச்சரிக்கை வந்தா மட்டும் நீங்க வாயை மூடணும். மத்த நேரம் நாம சேந்தே பேசுவோம். என்ன சொல்லுதீய?"

"மூடுதேன்" என்றார் அண்ணாச்சி. கனிராஜைக் கூர்ந்து பார்த்தார். "ஒரு வாரம் தொண்டைத்தண்ணி வத்தப் பேசுனேன். நல்லாருந்துச்சுன்னு கடைக்கு வந்து சொன்ன ஒரே மனுசன் இவருதான். எழுதிக் காட்டுனாரு. பத்து நிமிசம் என்ன, எடுத்துக்கிடட்டும்."

ஊர் ஆரவாரித்தது. நாளெல்லாம் நிசப்தம், சாயங்காலம் பத்து நிமிடம் பாவப்பட்ட ஜனங்களுக்கு. தன் பெருந்தன்மையை நினைத்து ஊருக்கே கண் கலங்கியது. காய்க்காரம்மா மூக்கைச் சிந்தினாள்.

முதல் ஒலிபரப்பு அன்று மத்தியானம் ஹெப்சிபா கைபிசைந்தாள். "நான் என்னத்தைப் பேசட்டும்? பாட்டுப் பாடவா? பைபிள்ல சங்கீதம் வாசிக்கவா?"

கனிராஜ் சாப்பிட்ட தட்டைத் தள்ளி வைத்தார்.

"கல்யாண வீட்டுல எல்லாரும் பேசுவாவ, சிரிப்பாவ. நான் உன்னத் தட்டி, என்னன்னு கேப்பேன். நீ ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்லுதேன்னு சொல்லுவே. இருபது வருசமா எத்தனை அப்புறம் சேந்துருக்கு தெரியுமா? அதைச் சொல்லு."

"அதைக் கையாலயே சொல்லலாமே."

"கையால சொன்னா நீ சுருக்கிருவே. ஆபீஸ் புத்தி. அவிய எப்படிச் சொன்னாவளோ அப்படியே வேணும்."

சாயங்காலம் ஊர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தது. அண்ணாச்சியும் மொராயிஸும் பேச்சை நிறுத்திக் காத்திருந்தார்கள். ஹெப்சிபா ஒலிவாங்கி முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"ஏங்க" என்றாள். ஊரே உச்சுக்கொட்டியது. "நம்ம கல்யாணத்து அன்னைக்கு, பந்தியில, உங்க பெரிய மாமா எதிர்ல இருந்துக்கிட்டு, மாப்பிள்ளைக்குக் காது கேக்காதது பொண்ணுக்கு வசதி, என்ன ஆட்டம் வேணா போடலாம்னு சொன்னாரு. எல்லாரும் சிரிச்சாவ. நீங்களும் கூடச் சேந்து சிரிச்சீங்க. ஏன் சிரிக்காவன்னு கேட்டீங்க. பாயசம் நல்லாருக்காம்னு சொன்னேன்."

ஊர் உச்சுக்கொட்டுவதை நிறுத்தியது.

"காய்க்கடையில நீங்க தக்காளி எடுக்கும்போது, அடியில கிடக்க அழுகலைப் போட்டுவிடு, செவிடன் வீட்டுக்குப் போய்த்தான் பாப்பான்னு அந்தம்மா மககிட்ட சொன்னா. நான் பின்னால நின்னேன். சண்டை போட்டேன். என்ன சண்டைன்னு கேட்டீங்க. சில்லறைன்னேன். மொராயிஸ் அண்ணன் படகு மோட்டாரைக் கொண்டுவந்து வச்சிக்கிட்டு, இந்த ஊமையன்கிட்ட விளக்குறதுக்குள்ள மீனே கரைக்கு வந்துரும்னாரு. உங்களைப் பாத்துச் சிரிச்சிக்கிட்டே சொன்னாரு. நீங்க அவருக்கு டீ வாங்கிக் குடுத்தீங்க. அண்ணாச்சி..."

பெயர் பெயராக வந்தது. சொன்ன இடம், சொன்ன தொனி, பக்கத்தில் இருந்து சிரித்தவர் யார் என்று எல்லாம் வந்தது. வாசல்களில் இருந்த நாற்காலிகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. உள்ளே போய் என்ன பிரயோசனம்? அங்கேயும் அதே அளவில் கேட்டது. கதவைச் சாத்தியவர்கள், தலையணையைக் கவிழ்த்துக்கொண்டவர்கள், யாரும் தப்பவில்லை.

"கடைசியா ஒண்ணு" என்றாள் ஹெப்சிபா. "கல்யாணமான மூணாவது வருசம். எங்க அக்கா போன்ல கேட்டா, சந்தோசமா இருக்கியான்னு. நீங்க எம்பக்கத்துலதான் இருந்தீங்க. இவருகிட்ட பேசிப் பேசி கை வலிக்குக்கா, வாய் வச்சிருக்க ஆளைக் கட்டியிருக்கலாம்னு சொன்னேன். அக்கா என்ன சொன்னான்னு கேட்டீங்க. உங்களைக் கேட்டதாச் சொல்லச் சொன்னான்னேன்."

பத்து நிமிடம் முடிந்தது.

தயங்கித் தயங்கி வீட்டுக்கு வந்தாள். கனிராஜ் வாசலிலேயே நின்றிருந்தார். கண் சிவந்திருந்தது. சிரித்திருந்தார் என்றும் தெரிந்தது.

"பெரிய மாமா அப்பமே அப்படித்தானா!" என்றன கைகள். பிறகு கொஞ்சம் நிதானித்தன. "கை வலிச்சது எனக்குத் தெரியும். நீ தைலம் போட்டுத் தேய்க்கதைப் பாத்துருக்கேன். அதுக்குப் பொறவுதான் நான் பேச்சைக் குறைச்சேன்."

இத்தனை வருடமாக ஹெப்சிபா அவரைக் குறைவாகப் பேசுகிற மனிதர் என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிவந்திருந்தாள். அவர் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டால் அவரால் பேச முடியாது என்று உறைத்ததும் விட்டுவிட்டாள்.

"உங்குரலு நான் நெனச்சதவிடத் தடிமன்" என்றார் கனிராஜ். "அதிகாரி குரலுதான். நல்லாருக்கு."

மறுநாள் காலை அலுவலகம் திறக்கும் முன்பே நான்காவது மனு வந்து நின்றது. ஊர் முழுக்கக் கையெழுத்திட்டிருந்தது. முன்னால் அண்ணாச்சி, பின்னால் மொராயிஸ்.

"ஊரு ஒற்றுமையா ஒரு முடிவுக்கு வந்துருக்கோம்மா" என்று மென்று விழுங்கினார் அண்ணாச்சி. "அந்தப் பத்து நிமிசத்துலயும் கருப்பட்டி விளம்பரத்தையே போட்டுருங்க. எங்களுக்குச் சம்மதம். மொராயிஸும் குறுக்க பேச மாட்டாரு."

"பொது அமைதிக்காக" என்றார் மொராயிஸ், தரையைப் பார்த்தபடி.

ஹெப்சிபா மனுவை வாங்கி முத்திரை குத்தினாள். "போட்டி மனு. விசாரணைக்கு ஒரு மாசம் ஆகும். அது வரைக்கும் முறைப்படி ஆளுக்கு ஒரு நாள் நடக்கும். இன்னைக்கு பியாட்ரிஸ் முறை."

"எந்த பியாட்ரிஸ்?" அண்ணாச்சியின் முகம் மாறியது. "எங்கடையில இருபது வருசமா கருப்பட்டிச் சிப்பம் கட்டுத, காது கேக்காத பியாட்ரிஸா?"

"அவளேதான். பேசப்போறது அவ தங்கச்சி. அவளும் உங்க கடைதானே?"

அண்ணாச்சி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். உதடு அசைந்தது. இருபது வருடத்தில் அந்தக் கடையில் தான் பேசியதையெல்லாம் கணக்குப் பார்க்கிறார் என்று தெரிந்தது. பிறகு மனுவை மேசையிலிருந்து தானே எடுத்து நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"எம்மா" என்றார் மெதுவாக. "மன்னிச்சுக்கோன்னு கையால எப்படிச் சொல்லணும்?"

ஹெப்சிபா எழுந்து பட்டறைக்குப் போய்க் கனிராஜைக் கூட்டிவந்தாள். அவர் செய்து காட்டினார். அண்ணாச்சி செய்தார். கனிராஜ் இல்லை என்று தலையாட்டிச் சிரித்தார்.

"என்ன சொல்லுதாரு?"

"நீங்க சொன்னது, இன்னுங் கொஞ்சம் சோறு போடுன்னு அர்த்தமாம்."

அண்ணாச்சி மறுபடி செய்தார். கனிராஜ் அந்தக் கையைப் பிடித்து, விரலை மடக்கி, நெஞ்சில் வைக்க வேண்டிய இடத்தில் வைத்தார். மூன்றாம் தடவை சரியாக வந்தது. அண்ணாச்சி அதை முதலில் கனிராஜுக்கே சொன்னார்.

பிறகு, சாயங்காலத்துக்குள் கடைக்குப் போக வேண்டும் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேகமாக வெளியேறினார். அவர் எழுந்த நாற்காலியில் மொராயிஸ் வந்து உட்கார்ந்து கையை நீட்டினார். அவருக்குப் பின்னால் காய்க்காரம்மா நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் வாசல்படி தாண்டித் தெருவரைக்கும் ஆட்கள் நின்றிருந்தார்கள்.